கஞ்சா விலக்கப்பட்டது ஏன்?

ஒரு சட்டத்தை அறிவது ஒரு கல்வி. அச்சட்டம் எந்தக் காரணத்தின்மீது நிற்கின்றது என்பதை அறிவது மற்றொரு கல்வி. முன்னதை மனனம் செய்துவிடலாம். பின்னதை ஆராய்ந்தே அடைய வேண்டும். நம் மத்ரஸாக்களில் உஸூலுல் ஃபிக்ஹு என்னும் கலையைப் பயிற்றுவிக்கும்போது, ஒரு விதிக்கு அடிப்படையாய் அமைந்த காரணத்தை ‘இல்லத்’ என்னும் அரபுச் சொல்லால் குறிப்பர். காரணம் உள்ள இடத்தில் விதியும் உண்டு. காரணம் அகன்றால் விதியும் அகலும் என்பது அக்கலையின் பாலபாடம். கஞ்சாவைப் பற்றி இன்று நம் இல்லங்களில் எழுகின்ற வாக்குவாதங்களைச் செவிமடுக்கும்போது, இப்பாலபாடத்தை நாம் மறந்துவிட்டோமோ என்னும் ஐயமே எழுகின்றது.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையில், கோவளம் கடற்கரைக்கு மேற்கே உள்ளது கேளம்பாக்கம். உப்பளங்களும் வயல்களும் சூழ்ந்திருந்த அவ்வூரை இன்று கல்லூரிகளும் கணினி நிறுவனங்களும் அடுக்குமாடி இல்லங்களும் சூழ்ந்துள்ளன. பல மாநிலத்துப் பிள்ளைகள் அங்கே அறையெடுத்துத் தங்கிப் படிக்கின்றனர், பணிபுரிகின்றனர். நம் சமுதாயப் பிள்ளைகளும் அவர்களுள் உளர். கஞ்சாப் பொட்டலங்களுடன் பிடிபட்ட இளைஞர்களைப் பற்றிய செய்தி இவ்வட்டாரத்திலிருந்து நாளேடுகளில் அடிக்கடி வருகின்றது. “அது ஹராம்” என்கின்றனர் பெற்றோர். பிள்ளைகளோ வினவுகின்றனர்: “திருமறையில் கஞ்சா என்ற சொல் எங்கே உள்ளது? வெள்ளையர் காலத்தில் அரசாங்கமே உரிமம் கொடுத்து விற்கச் செய்ததே? கனடா நாடு 2018இல் அதை அனுமதித்துவிட்டதே? நம் மாநிலத்தில் அரசே மதுவை விற்கிறதே?”

இவ்வினாக்களை அதட்டி அடக்கிவிடலாம். ஆனால், அடக்கப்பட்ட வினா அறைக் கதவுக்குப் பின்னால் தனக்கு வேண்டிய விடையைத் தானே தேடிக் கொள்ளும். ஆகவே, வரலாறு இவற்றுக்கு என்ன விடை கூறுகின்றது என்பதை நிதானமாகக் காண்போம்.

முன்னோர் நடத்திய விவாதம்

திருமறையில் கஞ்சாவின் பெயர் இல்லை என்பது உண்மையே. நபிமணி (ஸல்) அவர்கள் காலத்து அரபு மண்ணில் அது போதைப் பொருளாய்ப் புழங்கவில்லை. திருமறை மூன்று படிகளில் விலக்கியது ‘கம்ர்’ எனும் மதுவை. எனினும், அறிவை மூடுவதே அவ்விலக்கின் காரணம் என்பதை நபிமொழிகள் தெளிவுபடுத்தின. போதை தரும் ஒவ்வொன்றும் மதுவின் வகையே என்றும், மிகுதியாய் உட்கொண்டால் போதை தருவதில் சிறிதளவும் கூடாது என்றும் பொருள்படும் நபிமொழிகள் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. போதை தருவதோடு, உடலையும் உணர்வையும் தளரச் செய்வதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்னும் அறிவிப்பு, அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூது நூலில் வந்துள்ளது.

ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் கஞ்சாப் பழக்கம் எகிப்திலும் சிரியாவிலும் பெருகியது. ‘ஹஷீஷ்’ என்னும் அரபுச் சொல்லுக்குக் காய்ந்த புல் என்பதே நேர்ப்பொருள். பக்கீர்களின் புல் என்றும் அதனை அழைத்தனர். மாலகா நகரத்து மூலிகை மேதை இப்னுல் பைத்தார் (மறைவு ஹி. 646, கி.பி. 1248), எகிப்தில் தாம் கண்ட இச்செடிக்கு ‘இந்தியக் கஞ்சா’ என்றே பெயர் குறித்தார். நம் நாட்டின் பெயர் அதனோடு ஒட்டிக்கொண்டது அன்றே நிகழ்ந்ததாகும். குராஸானைச் சேர்ந்த ஷைகு ஹைதர் என்பார் அதன் இயல்பைக் கண்டறிந்து தம் சீடர்களுக்கு உரைத்தார் என்றொரு கதையை, எகிப்திய வரலாற்றாசிரியர் மக்ரீஸி (மறைவு ஹி. 845, கி.பி. 1442) எழுதி வைத்துள்ளார். இப்னு தைமிய்யா (மறைவு ஹி. 728, கி.பி. 1328) அவர்களோ, தாத்தாரியர் படையெடுப்போடு பரவிய தீமை இது என்றார்.

மூலநூல்கள் பெயர் கூறாத இப்பொருளைச் சட்ட மேதைகள் எப்படி அணுகினர் என்பது நாம் ஊன்றிக் கற்க வேண்டிய பகுதியாகும். மாலிக்கி அறிஞரான இமாம் கராஃபி (மறைவு ஹி. 684, கி.பி. 1285) அறிவை மறைக்கும் பொருள்களை மூவகையாகப் பிரித்தார். களிப்பும் துணிச்சலும் ஊட்டி அறிவை மறைப்பது முதல் வகை; மது அத்தகையது. புலன்களையே மறைத்து உறக்கத்தில் ஆழ்த்துவது இரண்டாம் வகை. களிப்பும் தராமல், உறக்கமும் தராமல், அறிவை மட்டும் குலைப்பது மூன்றாம் வகை. கஞ்சா இம்மூன்றாம் வகையினது என்பது அவர் முடிவு. ஆகவே, அது தகாதது. ஆயினும், மது அருந்தியவனுக்குரிய ‘ஹத்து’ எனும் வரையறுக்கப்பட்ட தண்டனை இதற்கில்லை. நீதிபதி தம் மதிப்பீட்டில் வழங்கும் ‘தஃஸீர்’ மட்டுமே உண்டு என்றார்.

இப்னு தைமிய்யா இதனை ஏற்கவில்லை. உண்டவர்கள் மேலும் மேலும் அதனை நாடுவதைச் சுட்டிக்காட்டி, இதுவும் மதுவைப் போன்ற போதையே, மதுவுக்குரிய தண்டனையே இதற்கும் உரியது என்று வாதிட்டார். நம் கடற்கரை ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் தூணான இமாம் நவவி (மறைவு ஹி. 676, கி.பி. 1277) அவர்கள் இடைவழியில் நின்றார்கள். விலக்கப்பட்டது என்பதில் கஞ்சா மதுவைப் போன்றதே. அதனால் தவறிய தொழுகைகளைத் திரும்பத் தொழுதாக வேண்டும். தண்டனையோ தஃஸீர்தான், ஹத்து அன்று என்பது அவர்கள் தீர்ப்பு. பின்னர் கெய்ரோவில் வாழ்ந்த ஷாஃபிஈ அறிஞர் ஸர்கஷி (மறைவு ஹி. 794, கி.பி. 1392), கஞ்சா விலக்கைப் பற்றி மட்டுமே பேசும் தனி நூல் ஒன்றை யாத்தார்.

இவ்விவாதத்தில் நாம் காண்பது என்ன? தண்டனையின் அளவில் கருத்து வேற்றுமை இருந்தது. கஞ்சா எவ்வகைப் பொருள் என்பதிலும் வேற்றுமை இருந்தது. விலக்கின் காரணத்தில் மட்டும் வேற்றுமை இல்லை. அறிவைக் காப்பதே அக்காரணம். மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் ஆகிய ஐந்தைக் காப்பதே ஷரீஅத்தின் நோக்கம் என்று இமாம் கஸ்ஸாலி (மறைவு ஹி. 505, கி.பி. 1111) வகுத்தார்கள் அல்லவா? அவ்வைந்தினுள் ஒன்று இங்கே பறிபோகின்றது. அதே சமயம், அழுகிய உறுப்பை அறுத்தெடுக்கும் தேவை நேருமாயின், மயக்கும் மருந்தைக் கொடுப்பதை ஷாஃபிஈ சட்ட நூல்கள் அனுமதித்தே பேசுகின்றன. காரணத்தை அறிந்தவர்களுக்கு விதிவிலக்கின் எல்லையும் தெரிந்திருந்தது.

பல்லைப் பிடுங்கிய பின்னும்

அரசர்கள் கையாண்ட வழி வேறு. மம்லூக் சுல்தான் பைபர்ஸ் (ஆட்சி 1260–1277) கஞ்சாவை ஒடுக்க ஆணையிட்டார். ஒரு நூற்றாண்டு சென்றபின், 1378 அளவில் கெய்ரோவின் அமீர் ஸூதூன் என்பார் அது விளைந்த தோட்டங்களை அழித்து, உண்டு பிடிபட்டோரின் பற்களைப் பிடுங்கச் செய்தார் என மக்ரீஸி குறிக்கின்றார். பலன் யாது? ஹிஜ்ரி 815 அளவில் மக்கள் கூச்சமின்றி வெளிப்படையாகவே அதனை உண்டனர் என்று அவரே வருந்தி எழுதுகின்றார். பல் போயிற்று, பழக்கம் போகவில்லை. தண்டனையின் கடுமை மட்டும் ஒரு சமூகத்தைத் திருத்திவிடாது என்பதற்கு நம் வரலாற்றிலேயே உள்ள சான்று இது.

உப்பும் கஞ்சாவும் ஒரே இலாகாவில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆங்கிலேயர் காலத்தில் கோவளம், கேளம்பாக்கம் வட்டார உப்பளங்கள் உப்பு இலாகாவின் கண்காணிப்பில் இருந்தன. உப்பு, ஆப்காரி இலாகா என்பதே சென்னை மாகாணத்தில் அதன் பெயர். 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் கள், சாராயம் ஆகியவற்றோடு கஞ்சா, பங்கி முதலியவற்றையும் தன் வரம்புக்குள் கொண்டது. ஏழையின் கஞ்சிக்கு உப்பிட்டால் அதற்கும் வரி; ஏழையின் சிலும்பியில் புகைந்தால் அதற்கும் வரி. இரண்டும் சென்று சேர்ந்தது ஒரே கஜானா. பிள்ளைகளின் இரண்டாம் வினாவுக்கு விடை இங்கே கிடைக்கின்றது. அரசு அன்று கஞ்சாவை அனுமதித்தது, அது நல்லது என்று கண்டதனால் அன்று. அதில் வருவாய் இருந்தது.

இங்கிலாந்தின் மதுவிலக்கு இயக்கத்தார் இதனைக் கண்டித்தனர். 1893 மார்ச் 2 அன்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் வினா எழுப்பப்பட்டது. அதன் பயனாய் அவ்வாண்டே இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு அமைந்தது. மாக்வொர்த் யங் என்பார் தலைவர். உறுப்பினர் எழுவர், மூவர் இந்தியர். அவர்களுள் முஸ்லிம் ஒருவரும் இல்லை. 1193 சாட்சிகளை விசாரித்து, 1894இல் ஏழு தொகுதிகளாய் அறிக்கையை வெளியிட்டனர்.

கஞ்சாவால் பித்துப் பிடிக்கின்றது என்பதே அக்காலத்துப் பெரிய குற்றச்சாட்டு. குழுவினர் 1892ஆம் ஆண்டின் பைத்தியக்கார விடுதிப் பதிவேடுகளை ஆராய்ந்தனர். கஞ்சாவால் பித்துற்றோர் என 222 பேர் குறிக்கப்பட்டிருந்தனர். ஒவ்வொருவர் வரலாற்றையும் தனித்தனியே துருவியபோது, அவ்வாறு கருத இடமுள்ளோர் 98 பேர் என்றே தெரியவந்தது. அவர்களிலும் கஞ்சா ஒன்றையே காரணமாகக் கொள்ளத்தக்கோர் 61 பேர்தாம். எஞ்சியோர் நிலை என்ன? பித்தின் காரணம் தெரியாதபோது, காவலரும் எழுத்தரும் ‘கஞ்சா’ என்று எழுதிப் பதிவேட்டின் கட்டத்தை நிரப்பியிருந்தனர்.

அளவாய்ப் பயன்படுத்துவோர்க்குப் பெருந்தீங்கில்லை, அளவு மீறினால் தீங்குண்டு, முற்றாகத் தடுத்தால் மக்கள் இதனினும் கொடிய பொருள்களை நாடுவர், எனவே உரிமமும் வரியும் கொண்டு கட்டுப்படுத்துக என்பது குழுவின் முடிவு. இந்திய உறுப்பினர் இருவர், ராஜா சோஷி சிகரேஸ்வர ராயும் லாலா நிஹால் சந்தும், இம்முடிவுகளை முழுதும் ஏற்காமல் தனிக் குறிப்புகள் எழுதினர். கஞ்சாவை ஆதரிப்போர் இன்று இவ்வறிக்கையைக் கொண்டாடுவர், எதிர்ப்போர் ஒதுக்குவர். நாமோ இரண்டையும் செய்ய வேண்டியதில்லை. 222 என்பது 98 ஆனதை ஒப்புக்கொள்வோம். அந்த 98 பேரும் ஒவ்வொரு தாயின் பிள்ளைகள் என்பதையும் மறவாதிருப்போம்.

ஒரே நாளில் இரு சட்டங்கள்

1937 அக்டோபர் 1 என்னும் நாள் இவ்வரலாற்றில் வியப்புக்குரியது. அன்று சேலம் மாவட்டத்தில், முதலமைச்சர் இராஜாஜி கொணர்ந்த மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மதுவோடு போதை மருந்துகளையும் சேர்த்தே தடுத்த சட்டம் அது. அதே நாளில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மரிஜுவானா வரிச் சட்டம் அமலுக்கு வந்தது. மரிஜுவானா என்பதும் கஞ்சாவே.

இரண்டும் தடைகளே. காரணங்களோ வெவ்வேறு. அமெரிக்கச் சட்டத்தின் பின்னணியில் நின்றவர் போதைத் தடுப்புப் பிரிவின் தலைவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர். இச்செடி மனிதரைக் கொலைகாரராக்கும் என்று அவர் பரப்பினார். மெக்சிகோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர் மீதும் கறுப்பின மக்கள் மீதும் வெள்ளையர் கொண்டிருந்த அச்சம் அப்பிரசாரத்துக்கு எண்ணெய் ஊற்றியது. அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சார்பில் டாக்டர் உட்வர்ட், போதிய சான்று எங்கே என்று விசாரணையில் கேட்டார். அவர் குரல் எடுபடவில்லை. சேலத்திலோ, கூலி வாங்கிய கையோடு கடைக்குச் சென்றவன் வீட்டில் உலை ஏற வேண்டும் என்னும் கருத்து நின்றது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொணர்ந்தது சென்னை அரசு. அங்கே பிறரைக் கண்டு அஞ்சிய தடை. இங்கே வருவாயைத் துறந்த தடை. தடை என்னும் ஒரே சொல்லுக்குள் இத்துணை வேறுபாடு அடங்கிக் கிடக்கின்றது.

உலக அரங்கிலோ கஞ்சாவைக் கட்டுப்படுத்தக் குரல் கொடுத்தது ஒரு முஸ்லிம் நாடு. 1924–25இல் ஜெனீவா அபினி மாநாட்டில் எகிப்தின் பிரதிநிதி டாக்டர் எல் குவிந்தி, தம் நாட்டு மக்கள் கஞ்சாவால் படும் அல்லலை எடுத்துரைத்து அதனையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வாதாடினார். 1961ஆம் ஆண்டின் போதைப் பொருள் ஒப்பந்தம், மருத்துவமல்லாத கஞ்சாப் பயன்பாட்டை நிறுத்த 25 ஆண்டுத் தவணை கொடுத்தது. தவணை முடியும் தறுவாயில், ராஜீவ் காந்தி பிரதமராயிருந்தபோது, 1985 நவம்பர் 14 அன்று நம் நாட்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவர் பெயரையே கேளம்பாக்கம் வழிச் செல்லும் பழைய மாமல்லபுரம் சாலை இன்று தாங்கியுள்ளது.

இன்றைய நிலை

இச்சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூவும் காயும் கொண்ட நுனிப் பகுதி. ஒரு கிலோ வரை சிறிய அளவு. அதற்கு ஓராண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. அதற்குப் பத்தாண்டுக்குக் குறையாமல் இருபதாண்டு வரை கடுஞ்சிறை. காட்சி மயக்கம் தரும் எல்.எஸ்.டி. முதலியனவும் இதே சட்டத்தின்கீழ் வருகின்றன. 1943இல் சுவிட்சர்லாந்தின் வேதியியலார் ஆல்பர்ட் ஹாஃப்மன் தம்மிடமே சோதித்தறிந்த பொருள் அது. அதில் 0.1 கிராமே வணிக அளவு. இப்புதிய பொருள்களின் பெயரும் பழைய நூல்களில் இராது. ஆயினும், அறிவைக் குலைப்பது எவ்வடிவில் வரினும் அதனை இனங்காண இமாம் கராஃபியின் பகுப்பு இன்றும் உதவும்.

கனடா, உருகுவே, ஜெர்மனி ஆகியவை வெவ்வேறு வரம்புகளுடன் கஞ்சாவை அனுமதித்துள்ளன. 2020 டிசம்பர் 2 அன்று ஐக்கிய நாடுகள் போதைப் பொருள் ஆணையம், மிகக் கொடிய பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை 27க்கு 25 என்னும் வாக்குகளில் நீக்கியது. இந்தியாவும் நீக்கத்துக்கே வாக்களித்தது. மருத்துவப் பயனை ஆராய அது வாயில் திறந்தது. மற்றக் கட்டுப்பாடுகள் அப்படியே உள்ளன. இளம் வயதிலேயே மிகுதியாய்ப் பழகுவோர்க்கு மனநோய் வாய்ப்பு கூடுகின்றது என்பதையும் இன்றைய மருத்துவம் கூறுகின்றது.

ஆகவே, பிள்ளைகளுக்கு நாம் சொல்லத்தக்கது இதுவே: அரசுகளின் அனுமதியும் தடையும் வருவாய், அச்சம், ஒப்பந்தம், ஆராய்ச்சி ஆகியவற்றைப் பொறுத்து மாறி வந்துள்ளன; இனியும் மாறும். மதுக்கடையை அரசு நடத்துவதால் மது ஆகுமானதாகிவிடவில்லை; கனடா அனுமதித்ததால் கஞ்சாவும் ஆகிவிடாது. நம் விலக்கு, அறிவு என்னும் அருட்கொடையைக் காக்கும் விலக்கு. கஞ்சாவை ஒரு முறை தொட்டவன் உடனே பித்தனாவான், கொலைகாரனாவான் என்றெல்லாம் மிகைபடப் பேசுதல் வேண்டா. அது பொய் என்று பிள்ளை தன் நண்பனைக் கண்டு அறிந்த அன்றே, நாம் உரைத்த மெய்யையும் சேர்த்து அவன் எறிந்துவிடுவான்.

பழக்கத்தில் விழுந்துவிட்ட பிள்ளையின் நிலை வேறு. ஊர் அறிந்தால் மானம் போகும், காவல்துறை அறிந்தால் வாழ்வே போகும் என்று அஞ்சி மறைத்து வைக்கும் குடும்பங்கள் பல. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஏ பிரிவை அக்குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். போதைப் பொருள் உட்கொண்ட குற்றத்திற்கோ, சிறிய அளவு தொடர்பான குற்றத்திற்கோ உள்ளான அடிமைப்பட்டவர், அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற நிலையத்திலோ தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால், அக்குற்றத்திற்காக வழக்குத் தொடரப்படுவதிலிருந்து அவருக்குப் பாதுகாப்பு உண்டு. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அப்பாதுகாப்பு நீக்கப்படலாம். விற்பவனுக்கும் வீழ்ந்தவனுக்கும் இடையே சட்டம் வேறுபாடு காண்கின்றது. நம் ஜமாஅத்துகளும் அதனைக் காண வேண்டாமா? விற்பவனைத் தடுப்பது கடமை. வீழ்ந்தவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் கடமையே. தௌபாவின் வாயிலை இறைவன் திறந்து வைத்திருக்க, மஹல்லாவின் வாயிலை நாம் சாத்துவது முறையாகாது.

காரணம் தெரிந்து விலகுபவன், காவலர் இல்லாத இடத்திலும் விலகி நிற்பான். அத்தகைய தெளிவை நம் இளைய தலைமுறைக்கு வல்ல இறைவன் நல்கியருள்வானாக!